எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஜூலை 5, சனி

கடலைக் கொல்லையில் களை பாதிதான் முடிந்தது. மீதி நேரத்தை வீரைக்காட்டை வேடிக்கை பார்த்தே கழித்தேன். களைக்கொத்து கையில் இருந்தால் போதும், வேலை செய்கிறாள் என்றுதான் ஊர் நினைக்கும்.

எங்கள் கொல்லை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. நடுவில் வேலி கிடையாது, சுண்ணாம்பு அடித்த எல்லைக்கற்கள் மட்டும். அந்தப் பக்கம் எல்லாம் சாமிக்குச் சொந்தம். ஒரு சுள்ளியைக்கூட ஒடித்து வரக் கூடாது. கல்லைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. மாடு மேயலாம், ஆனால் மணியையும் கயிற்றையும் கழற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சாமியின் காட்டில் எதுவும் கட்டுப்பட்டு இருக்கக் கூடாதாம். பெண்கள் மட்டும் கல்லோடு நின்றுவிட வேண்டும்.

நான் மன்னார்குடிப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் வரப்பில் நின்றால் அடுத்த ஊர் கோபுரம் வரை தெரியும், மறைக்க ஒன்றும் கிடையாது. இங்கே கல்யாணமாகி வந்து நாலாவது வருடம் நடக்கிறது. இருபது அடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை. மூன்று பேரிடம் கேட்டால் நாலு பதில் வருகிறது. அடுத்த கொல்லைக்காரி பொன்னழகு அக்கா இன்று அடித்துச் சொன்னார்.

"நடுக்காட்டுல பாழுங்கெணறு ஒன்னு இருக்குடி. அதுக்குள்ள மயிரு மொளச்ச பாம்பு கெடக்கு. பொம்பளைக அங்குட்டு மொகத்தக்கூடக் காட்டக் கூடாது."

பாம்புக்கு மயிர் எதற்கு அக்கா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் போன் செய்தார். போர்வெல் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் இருக்கிறார். "பவளத்தை வித்துறலாம் வேணி. சினைமாட்டுக்கு இப்ப நல்ல கிராக்கி. ஒரு லோடு வண்டி வெலைக்குப் பாத்து வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை யாவாரி வருவாரு, காட்டிரு" என்றார்.

பவளம் நான் இங்கே வரும்போது அப்பா என்னோடு ஓட்டிவிட்ட கன்று. இப்போது தலைச்சன் சினை. நான் "சரிங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஓயாமல் கேள்வி கேட்கிற வாய்தான், வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்கிறது.

ஜூலை 7, திங்கள்

மாமா தூணிடம் பேசினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். மாமனார் மருமகளோடு முகம் பார்த்துப் பேசுவது இந்த வீட்டு வழக்கம் இல்லை. மாமியாரும் உயிரோடு இல்லை, நடுவில் தூது சொல்ல ஆள் கிடையாது. அதனால் வீட்டுக்குள் தூண், வெளியே வேப்பமரம்.

"சந்தைக்குப் போற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எதுக்காம்?"

போனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. நானும் அதே தூணைப் பார்த்துச் சொன்னேன். "போற வரைக்கும் நம்ம மாடுதானே. தலைச்சன் ஈத்து வேற. எங்க அப்பா வீட்டுல கன்னு வயித்துக்குள்ள மடங்கிக் கெடந்தா என்னத்தான் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டியாரச் சொல்லுவாரு. எனக்குச் சின்னக் கை. வாங்குறவன் வீட்டுல யாரு இருக்காளோ."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார். இந்த வருடம் காட்டுக் காவல் முறை எங்கள் வீட்டுக்கு, தினமும் ஒரு சுற்று உள்ளே போய் வருவார்.

அவர் போனதும் கொட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பவளம் என் தலைமுடியை நக்கிச் சிக்கெடுத்தது.

ஜூலை 9, புதன்

பவளத்தைக் காணவில்லை.

காலையில் மாமா வேப்பமரத்திடம், "வரப்புப் புல்லு கருகிப்போச்சு. காட்டோரம் பச்சையா கெடக்கு" என்றார். சரி என்று ஓட்டிப் போனேன். எல்லைக்கல்லருகே மணியையும் மூக்கணாங்கயிற்றையும் கழற்றினேன். கல்லில் உட்கார்ந்து அது மேய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாலை மரத்தில் ஒரு குருவி, உடம்பு இத்தனூண்டு, வால் மட்டும் வெள்ளை நாடா மாதிரி ஒரு முழம். அது எங்கே போகிறது என்று பார்த்தேன். திரும்பினால் மாடு இல்லை.

மணி கழுத்தில் இருந்திருந்தால் சத்தத்தை வைத்தாவது எந்தத் திசை என்று சொல்லியிருப்பேன். மணி என் மடியில் கிடந்தது. கல்லில் நின்று பவளம் பவளம் என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். ஒரு எட்டு தள்ளி வைத்தால் காடு. அந்த ஒரு எட்டை வைக்க முடியவில்லை.

மாமா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். வேப்பமரத்திடம் "காணல" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

வியாபாரி வந்தார். கொட்டிலைப் பார்த்தார், டீ குடித்தார், வண்டியேறிப் போனார். வீட்டுக்காரர் போனில் கத்திய கத்தலுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். "மாட்டைப் பாக்கச் சொன்னா குருவியப் பாத்தேங்கிறியே!"

உண்மைதான். 

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவோ நேற்றும் இன்றும் கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாம் முறை ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்துகிறார். மாடு தொலைந்த வீட்டுக்காரருக்கு இவ்வளவு பசி எப்படி எடுக்கும்?

ஜூலை 12, சனி

தவிட்டு மூட்டை இறங்கிக்கொண்டே போகிறது. கொட்டிலில் தின்ன ஆள் இல்லை.

சோதித்துப் பார்த்தேன். கழனித் தண்ணீரில் தவிடும் ஒரு கட்டி வெல்லமும் கரைத்துக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுக் களைக்குப் போனேன். வந்தபோது வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மாமாவின் தூக்குச்சட்டியை முகர்ந்தால் வெல்ல வாசனை. மனுஷர் கழனித் தண்ணீர் குடிக்க மாட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று பொன்னழகு அக்கா மூச்சு விடாமல் பேசினார். கடலைக்கு மண் அணைத்துக்கொண்டே கேட்டேன்.

"மாடு காட்டுக்குள்ளயே ஈன்டுருச்சுன்னா என்னக்கா ஆகும்?"

"சாமி கன்னாயிரும். காட்டுக்குள்ள பொறந்தது சாமிக்குச் சொந்தம்ல. தாயையும் கன்னையும் பிரிக்கக் கூடாது, விக்கக் கூடாது. வீட்டுல வச்சு வளக்கலாம், பாலு கறக்கலாம், அம்புட்டுத்தான். எங்க மாமியா காலத்துல இப்படித்தான் ஒரு வெள்ளாடு கெழடு தட்டிச் செத்துச்சு. ஆனா ஒன்னு, அந்தச் சமயம் பொம்பளை காலு உள்ள பட்டுச்சுன்னு வையி, தீட்டு. அப்புறம் அது சாமி கன்னும் இல்ல, ஒன்னும் இல்ல. ஏன்டி சிரிக்கிற?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. களைக்கொத்தைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். காட்டோரம் பச்சையாகக் கிடக்கிறது என்று வேப்பமரத்திடம் சொன்னது யார்? தினமும் உள்ளே போய் வரக்கூடிய ஒரே ஆள் யார்? என்னிடம் நாலு வருடத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், என் மாடு சந்தைக்குப் போகக் கூடாது என்று சாமியோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து தூணைப் பார்த்துச் சொன்னேன். "எள்ளுப்புண்ணாக்கு ஊறுது. காவலுக்குப் போறவங்களுக்குத் தேவைப்பட்டா எடுத்துக்கலாம்."

மாமா இருமினார். அது இருமல் இல்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

தேங்காய், வெல்லம், கொழுக்கட்டை. நாலு கொழுக்கட்டை தூக்குச்சட்டியில் போட்டேன். மாடும் தின்னும்.

அவர் போன் செய்தார். லீவு கிடைத்துவிட்டதாம். ஆடிப்பெருக்குக்கு வருவதாக இருந்தவர் 23ஆம் தேதியே வருகிறார். வியாபாரியையும் நாலு ஆளையும் கூட்டிக்கொண்டு காட்டைச் சல்லடை போட்டுச் சலித்துவிடுவாராம். அதற்குள் பவளம் ஈன்றால் பிழைத்தோம். வயிற்றில் கன்றோடு கண்டுபிடித்தால் அன்றைக்கே வண்டி ஏற்றிவிடுவார்.

தூணிடம் கேட்டேன். "மடி எறங்கிருச்சா?"

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "எறங்கிருச்சு. வாலடி குழிஞ்சு கெடக்கு. ரெண்டு மூணு நாளு."

ஜூலை 19, சனி

காற்று. புழுதி. பவளம் இன்னும் ஈனவில்லை. மாமா இன்று குழம்பு இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் கொல்லையில் இருந்தேன். மாமா காட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பக்கத்தில் வேப்பமரம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஆத்தா, வேணி. கன்னுக்கு முன்னங்காலு மடங்கிக் கெடக்கு. என் கை பெருசு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு சாயங்காலம் வரை களை எடுத்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நல்லெண்ணெய்ப் பாட்டில் காலி. வாங்க வேண்டும். நீலச் சேலையைச் சூரைமுள் கிழித்துவிட்டது, வரப்போரம் எங்கேயோ. வளையல்களைக் கழற்றி வைத்த இடம் மறந்துவிட்டது. வலது கை தோள் வரை வலிக்கிறது, களைக்கொத்துப் பிடித்த வலி.

கிடாரிக் கன்று. நெற்றியில் காசளவு வெள்ளை. எழுந்து நிற்க மூன்று தடவை விழுந்தது, நாலாவது தடவை நின்று மடியைத் தேடிப் போனது. மாமா சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

நடுக்காட்டில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரியும். மாமா சொன்னார். மாமா மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்பது வேறு விஷயம்.

கிணறு இல்லை. பாம்பு இல்லை, மயிரோடும் இல்லை, மயிரில்லாமலும் இல்லை. உள்ளே போகப் போக வெயில் நின்றுவிடுகிறது, நெற்றியில் ஈரத்துணி வைத்தது போல் குளிர். காலடியில் சருகு மெத்தையாக அழுந்துகிறது. பிறகு சட்டென்று ஒரு திட்டு வெளிச்சம். அதில் ஒரே ஒரு பெரிய வீரை மரம். நாலு பேர் கை கோத்தாலும் எட்டாது. அதன் அடி வேர் இடுக்குகளில் கண்ணாடி வளையல்கள். பச்சை, சிவப்பு, கருப்பு. இரண்டு மூன்று புதுசு போல மின்னுகின்றன. சிலது மண்ணில் பாதி புதைந்து மங்கிவிட்டன. ஒரு அரக்கு வளையலை வேர் வளர்ந்து விழுங்கிவிட்டது, விளிம்பு மட்டும் தெரிகிறது.

ஆண்கள் மட்டும் போகிற காட்டில் வளையல் எப்படி வந்தது? மாமாவிடமே கேட்டேன், தூணிடம் இல்லை. "எனக்கு முந்தியே கெடக்கு, ஆத்தா. எங்கப்பாருக்கு முந்தியும் கெடந்துச்சாம். ஆம்பளைக யாரும் அதப் பத்திப் பேசிக்கிறதில்ல" என்றார்.

இதை எழுதி முடித்த பிறகுதான் தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தேன். அதில் எப்போதும் நாலு ஊக்கு மாட்டியிருப்பேன். ஒன்றுகூட இல்லை. ஊக்கு இரும்பு. எங்கே கழற்றி வைத்தேன் என்று நன்றாகத் தெரியும். சாமிக்குப் பயந்து ஒரு விதியை மதிக்கப் போய், இன்னொரு விதியை மிதித்ததற்கு அடையாளத்தை எல்லைக்கல் மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கல் மேல் ஊக்கு இல்லை.

ஜூலை 23, புதன்

காலையில் அவர் வந்து இறங்கினார். இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறார். குளிக்கக்கூட இல்லை, வியாபாரியோடும் ஆட்களோடும் நேராக எல்லைக்கல்லுக்குப் போனார். அங்கே கத்திகளையும் டார்ச் லைட்டையும் கீழே வைத்துக்கொண்டிருந்தபோது மாமா மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார். பின்னால் பவளம். கயிறு இல்லை, மணி இல்லை. அதன் வயிற்றை ஒட்டிக் கன்று.

"காட்டுக்குள்ள ஈன்டுருச்சு" என்றார் மாமா, ஊர் முழுக்கக் கேட்கிற குரலில்.

அம்பலகாரரைக் கூட்டி வந்தார்கள். இந்த ஊரில் இதற்கெல்லாம் அவர் சொல்தான் முடிவு. கன்றின் நெற்றியில் மஞ்சள் வைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்து, "காடு சுத்தமாத்தான் இருக்கு? குத்தங்கொறை எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்று கேட்டார்.

பொன்னழகு அக்கா எனக்கு எதிரே நின்றார். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு என் வெறுங்கையைப் பார்த்தார்.  அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கன்றின் பக்கம் திரும்பினார்.

அம்பலகாரர் சாமி கன்று என்று சொன்னதும், வியாபாரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 24, வியாழன்

சீம்பால் காய்ச்சினேன். மாமா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்காரர் தொடவில்லை. தன் அப்பாவை முறைத்தார், பிறகு என்னை.

"இது தன்னால நடந்த மாதிரி தெரியல. ஆனா ஒங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாதே, எப்படி?" என்றார்.

மாமா தூணைப் பார்த்தார். நானும் தூணைப் பார்த்தேன்.

ஜூலை 26, சனி

வளையல் வாங்கப் போகவில்லை. மாட்டு வேலையில் உடைந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பொன்னழகு அக்கா இந்தப் பக்கமே வரவில்லை. வந்து கேட்டுவிட்டால் தேவலை. கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அக்கா ஒரு வார்த்தை அம்பலகாரரிடம் சொன்னால் போதும், பவளம் மறுபடி சந்தைக்குப் போகும்.

ஜூலை 28, திங்கள்

இன்று அவர் என்னோடு களைக்கு வந்தார். இரண்டு வரிசை முடித்தோம். பிறகு தானாகவே சொன்னார். "லோடு வண்டி எதுக்குன்னு ஒரு தடவ கேட்டியா நீ? வண்டி இருந்தா உள்ளூர்லயே சவாரி ஓட்டலாம். வடக்க போக வேணாம். வருசத்துல இருவது நாளு வீட்டுல இருக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?"

எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நாலு வருடமாக ஊரையே கேட்டுத் துளைத்தவள், அவர் மனசில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது.

அப்புறம் கேட்டேன். நிறையக் கேட்டேன். அங்கே என்ன சாப்பிடுவீங்க, எங்கே தூங்குவீங்க, மண்ணுக்குள்ள எத்தனை அடியில தண்ணி வரும், வரும்போது என்ன சத்தம் கேக்கும். பொழுது சாயும் வரை சொன்னார். தண்ணீர் வருவதற்கு முன் குழாயிலிருந்து குளிர்ந்த காற்று மட்டும் மேலே வருமாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இருந்தது.

பவளத்தை விற்றுத் தரவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை. ஆனால் வண்டிக்கு வேறு வழி யோசிக்க வேண்டும். இனி அது என் கவலையும்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நாளை அவர் கிளம்புகிறார். பொங்கலுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தபோது பொன்னழகு அக்கா வந்தார். கையில் தாம்பாளம், அதில் மஞ்சள் கயிறு, கருகமணி, ஒரு டஜன் பச்சை வளையல். எனக்கு மடியிலிருந்து கை எடுக்கவே வரவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா மொட்டைக் கையோட இருக்கலாமாடி?" என்று சொல்லி என் கையை இழுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வளையலை ஏற்றினார். ஏற்றி முடித்ததும் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து எதையோ என் உள்ளங்கையில் வைத்து மூடினார். நாலு ஊக்கு.

"கல்லு மேல கெடந்துச்சு. மொதல்ல நாந்தான் பாத்தேன், நல்ல வேளை."

ஊக்குகளை முந்தானை முனையில் முடிந்துகொண்டேன்.

"வளையலை அங்கனயே மரத்தடியில விட்டுட்டு வந்துட்டியாக்கும்" என்றார், கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே. "விட்டுட்டு வரணும்னுதான் தோணும். யாரும் சொல்லித் தர வேணாம்."

நான் மரத்தைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமாவும் சொல்லியிருக்க மாட்டார்.

"அக்கா, நீங்க..."

"கருப்பு வளையலு ரெண்டு கெடந்துச்சா?"

"கிடந்துச்சு."

"எங்க மாமியாளோடது அரக்கு."

"வேர் மூடிருச்சுக்கா. விளிம்பு மட்டும் தெரியுது."

 அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்தை எடுத்தார்.

"அப்புறம் அந்தப் பாம்பு?" என்று கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"அப்படி ஒன்னு சொல்லி வைக்கலேன்னா வேலையத்ததுக எல்லாம் போயி எட்டிப் பாக்குமேடி. அங்கன அவசரத்துக்குத்தான் போகணும்."

தை மாதம் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். பெண் திருச்சி டவுனாம், காட்டையே பார்த்ததில்லையாம். வந்ததும் எங்கள் கொல்லையில் நின்று உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேட்பாள். அந்தப் பாம்புக்கு மயிர் முழங்கால் வரை தொங்கும் என்று நான் சொல்லப் போகிறேன்.